எந்தப் பக்கம் சுகம்?

என் முதுகை இரண்டாகப் பங்கு பிரித்தவர் அவர் ஒருவர்தான். கழுத்துக்குக் கீழே எண்ணெய் தொட்ட விரலை வைத்து, நடு முதுகில் இடுப்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். "சார், இந்தாண்ட சீமை மசாஜி. அந்தாண்ட நம்ம ஊரு மசாஜி. ரெண்டுத்தையும் நல்லா கவனிச்சிக்கோ. அப்பால கேப்பேன்" என்றார். மேஜையின் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்திருந்த எனக்கு எது இந்தாண்ட, எது அந்தாண்ட என்றே புரியவில்லை. முதுகு வலி தாங்காமல் வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, ஒரே அறை. மாடிப்படியில் தகரப் பலகை: 'மேல்நாட்டு, கீழ்நாட்டு எண்ணெய் மசாஜ். ஆண்களுக்கு மட்டும்.' எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு வருஷம் அவரிடம் போயும் பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என் உடம்பில் எந்த எலும்பு எங்கே பிசகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

வளைகுடாவில் ஒரு ஓட்டலில் ஏழு வருஷம் சீமை மசாஜ் செய்தவர். திரும்பி வந்து கேரளத்தில் ஒரு வைத்தியசாலையில் ஐந்து வருஷம் நம் ஊர் முறை. இரண்டிலும் கை தேர்ந்தவர். அதுதான் அவரைப் பிடித்த சனி. ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

வானகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு, நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து, மிச்ச நேரத்தை பைபாஸ் நெரிசலில் கழிக்கிறவன் நான். நாற்பது வயதுக்குள் முதுகு விறகுக்கட்டை ஆகிவிட்டது. குனிந்து செருப்பு போட முடியவில்லை. அலுவலகத்தில் யாரோ சொல்லித்தான் பாயிடம் போனேன்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இடது பக்கம் சீமை. கொஞ்சமே கொஞ்சம் பாதாம் எண்ணெய், இடுப்பிலிருந்து இதயத்தைப் பார்த்து நீள நீளமாக இழுப்பார். பிறகு பரோட்டா மாவு மாதிரி சதையைத் தூக்கிப் பிசைவார். வலது பக்கம் நம் ஊர். சுடச்சுடத் தைலத்தைக் கிண்ணத்தோடு சாய்த்து, தோளிலிருந்து விரல் நுனி வரை கீழ்நோக்கி அழுத்துவார், மூட்டு வந்தால் வட்டமாகச் சுற்றுவார். சீமை முறையில் ஆளைத் துண்டு போட்டு மூடி வைக்க வேண்டும். நம் ஊர் முறையில் கோமணம் போதும். ஆகவே என் இடது பாதி மானத்தோடும் வலது பாதி மானமில்லாமலும் கிடக்கும்.

முடிந்த பிறகும் விடமாட்டார். சீமைப் பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துண்டால் துடைத்துவிடுவார். நம் ஊர்ப் பக்கம் அரை மணி ஊற வேண்டும், அப்புறம் பயத்தமாவு போட்டுக் குளிக்க வேண்டும். சீமை முறைப்படி உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். நம் ஊர் முறைப்படி பச்சைத் தண்ணீர் கூடாது. "அதுக்குத்தான் சார் வெதுவெதுன்னு குடுக்கறேன். ரெண்டு பக்கமும் கோச்சுக்காது" என்று ஒரு டம்ளரை நீட்டுவார். எந்தப் பக்கத் தொண்டையால் குடிப்பது என்று கேட்கலாமா என்று தோன்றும். கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார் என்று பேசாமல் குடித்துவிடுவேன்.

இன்னொரு வேடிக்கை. வளைகுடா ஓட்டலில் மசாஜ் செய்யும்போது வாயே திறக்கக் கூடாதாம். அதனால் இடது பக்கம் நிற்கும்போது அவர் ஊமை. கைப்பேசியில் ஏதோ புல்லாங்குழல் ஓடும், வெளியே மெட்ரோ தூணுக்குத் துளை போடுகிற சத்தத்தில் அது செத்துப் போகும். வலது பக்கம் வந்ததும் பேச ஆரம்பிப்பார். பாதி வாக்கியத்தில் நேரம் முடிந்து இடது பக்கம் போனால் கதை அங்கேயே நின்றுவிடும்.

அவர் மனைவியைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான். இரண்டாவது தடவை போயிருந்தேன். "எங்க ஊட்ல துணி தைக்கும் சார். தெருவுக்கே ஜாக்கெட் அதுதான். போன வருசம் காலைல எந்திரிச்சா இடது கையும் காலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி இடது பக்கம் வந்துவிட்டார். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் என் முதுகில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த இடது கைக்கு என்ன ஆயிற்று என்று காத்துக் கிடந்தேன். திரும்ப வலது பக்கம் போனதும், விட்ட இடத்திலிருந்து, "வேல செய்யல சார். வாதம். காலு கொஞ்சம் வந்துட்ச்சு, சொவுத்த புடிச்சிகினு நடக்குது. கைதான் கட்ட மாரி கீது" என்றார்.

அந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், விரலிலிருந்து தோளைப் பார்த்து மெதுவாக நீவிவிடச் சொன்னாளாம். கேரளத்து வைத்தியர் போனில், தோளிலிருந்து விரலைப் பார்த்துச் சூடாக அழுத்தச் சொன்னாராம். பெரிய டாக்டர், மாத்திரையையும் பயிற்சியையும் விடாதீர்கள், எண்ணெய் எப்படிப் போட்டாலும் சரி என்றாராம். அந்தக் கடைசி வார்த்தையில்தான் பாய் மாட்டிக்கொண்டார்.

"எப்டி போட்டாலும் சரின்னா இன்னா சார் அர்த்தம்? ஒண்ணு ரத்தத்த மேல ஏத்துது, இன்னொண்ணு கீழ எறக்குது. ரெண்டையும் பண்ணா ரத்தம் எங்க போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுடும்."

"அப்படியெல்லாம் நிக்காது பாய்."

"நீ டாக்டரா சார்?"

அல்லவே. ரத்தம் நடுவில் நின்றுவிடும் என்ற பயத்தில் அவர் மனைவிக்குப் பதினைந்து நாள் சீமை, பதினைந்து நாள் நம் ஊர் என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். எது சரி என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதை விட்டுவிட்டு ஒன்றையே பிடித்துக்கொள்ளலாம், கை வந்துவிடும், மூலையில் துணி போட்டு மூடியிருக்கிற தையல் மெஷினைத் திறந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மனைவிக்கோ அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லை. ஆகவே உணர்ச்சி இருக்கிற எங்கள் முதுகுகளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் போன் வரும். ஒருமுறை அலுவலக வண்டியில் வந்துகொண்டிருந்தேன், மதுரவாயல் பக்கம் வண்டி நகரவே இல்லை. வழி பார்க்கிறதற்காகக் கைப்பேசியை முன்னால் மாட்டியிருந்தேன். அழைப்பு வந்ததும் பக்கத்தில் இருந்தவர் உபகாரமாக ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டார். "சார், நேத்து எந்தப் பக்கம் சுகம்?" என்று பாயின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. பின்னால் மூன்று பேர். "வலது, வலது" என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு என்னிடம் விளக்கம் கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நேரில் கேட்டபோது இடது என்றேன். உண்மையாகவே இடது பக்கம்தான் லேசாக இருந்தது. பாய் முகம் வாடிவிட்டது. "போன வாரம் வலதுன்னியே?" என்றார். ஒருக்களித்துப் படுத்தாயா, எந்தத் தோளில் பை மாட்டினாய் என்றெல்லாம் விசாரணை. அந்த வாரம் முழுக்க மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தூங்கினேன், குறட்டை தாங்கவில்லை என்று என் மனைவி கூடத்துக்குப் போய்ப் படுத்தாள். அதற்கும் அடுத்த முறை பக்கத்தை மாற்றிவிட்டார். வலதில் சீமை, இடதில் நம் ஊர். காலையில் போன் வந்தபோது எது எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. "ரெண்டும் நல்லாருந்துச்சு பாய்" என்றேன்.

அந்தப் பதில் அவருக்கு ஆகவே ஆகாது. "எல்லாரும் இதையே சொல்லிகினு கீறீங்க. ரெண்டும் நல்லாருக்குன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு சார்?" என்று போனை வைத்துவிட்டார்.

ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு மணல் லாரிக்காரர் வந்திருந்தார். ஆள் கதவளவு இருப்பார். "எனக்கு முழுசா நம்ம ஊரு எண்ணெயே போடு பாய்" என்று கேட்டார்.

"முழுசா ஒண்ணே போட்டா எத்தோட ஒப்பு பாப்பே?"

"நான் ஒப்பு பாக்க வரல நைனா. முதுகு புடிச்சிகினு கீது, அதுக்கு வந்தேன்."

பாய் தலையை ஆட்டிக்கொண்டே செய்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. லாரிக்காரர் கண் அசந்த நேரத்தில் இடது தோளில் மட்டும் பாதாம் எண்ணெயைத் தடவி நாலு இழுப்பு இழுத்துவிட்டார். அதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த மனுஷன் இதிலிருந்து எப்போது வெளியே வருவார் என்று நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் போய் மூன்று மாசம் ஆகியிருக்கும். அன்றைக்கு அலுவலகத்தில் திட்டு வாங்கிக்கொண்டு நேராக அங்கே போயிருந்தேன். முடித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரோடு வந்து, "இப்பவே சொல்லு, எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என் முதுகைக் கேட்டு என்ன பாய் ஆகப் போகுது? நான் நல்லாருக்கேன்னு சொன்னா அவங்க கை வந்துடுமா? படுத்திருக்கறது அவங்க. அவங்களைப் போய்க் கேளுங்க."

சொன்ன பிறகுதான் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தது. பாய் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "கேக்காம இருப்பனா? ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுது. எம்மூஞ்சிக்கோசரம் சொல்லுது. வேற ஆளு கேட்டா உண்மைய சொல்லும். ஞாயித்துக்கெழம நீ வந்து கேளு தம்பி" என்றார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர், முதல் முறையாகத் தம்பி என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையத்துக்கு இடம் வளைத்திருந்த பக்கம், பாயின் ஓட்டு வீடு. கட்டிலில் அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் ஒரு தலையணை மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வலது கையால் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். "கம்பெனில வேல பாக்கற தம்பி. உன்னாண்ட ஒண்ணு கேக்கணுமாம். நான் இருந்தா நீ சொல்லமாட்டே, வாசலாண்ட கீறேன்" என்று பாய் எழுந்து போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் முதுகு தெரிந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சீமையா நம் ஊரா என்று ஒரு நோயாளியிடம் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. தொண்டையைக் கனைத்தேன். அப்போது காற்றில் முந்தானை நழுவியது. இடது கை தலையணையிலிருந்து மெல்ல எழுந்து, இரண்டு விரலால் அதன் ஓரத்தைப் பிடித்து மடியில் நிறுத்தியது.

நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார்.

"சொல்லாத தம்பி" என்றார் மெதுவாக.

"கை வந்துடுச்சா?"

"மூணு மாசமா. அவுரு கடைக்கு போனதும் ரப்பர் பந்த அமுக்கிகினே கெடப்பேன். இப்போ நல்லாவே புடிக்கிது."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டார். "பெருநா அன்னிக்கி வந்துது. ஊடு முழுக்க சனம். நாத்தனா சர்பத் டம்ளர இங்க வெச்சுட்டு போச்சு, அது சாஞ்சு கையில பட்டுச்சு. சில்லுங்குது. அன்னிக்கி அவுரு எண்ணெயே போடல தம்பி. அந்த ஒரு நாளுதான் போடல. ஒன்ற வருசமா ரெண்டு வேளையும் குந்திகினு நீவி உட்ட மனுசன். எந்த எண்ணெய்க்கு வந்துதுன்னு மொத கேள்வியே அதான் கேப்பாரு. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"மாத்திரையால, பயிற்சியாலன்னு..."

"அவுரு வேலய எதுல சேக்கறது?"

பாயின் நீவல் உதவியதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? ஒன்றரை வருஷம் ஊறியது அந்த நாளில் பலித்ததோ, இல்லை அது பாட்டுக்கு வந்ததோ. சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

பாய் வாசல் கல்லில் உட்கார்ந்து, கிண்ணத்தில் தைலத்தைச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். பாதாம் எண்ணெய்ப் புட்டியும் பக்கத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "இன்னா சொல்லிச்சு? நீ சொல்றதுதான் தம்பி. எதுன்னு சொல்றியோ அதையே புடிச்சிக்கறேன். மத்தத இன்னியோட உட்டுர்றேன்" என்றார்.

அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தபோது என் மூளை கலங்கிவிட்டது. சீமை என்றால் பொய். நம் ஊர் என்றாலும் பொய். இரண்டும் நல்லாருக்காம் என்றால் இன்னும் ஒரு வருஷம் இப்படியே அலைவார். கட்டிலில் கை வந்த பெண் கை வராதவளாகப் படுத்திருப்பாள். சத்தியம் செய்தது போலத் தலையாட்டிவிட்டு வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கை அசையுது பாய்."

"எந்தக் கை?"

"இடது கைதான்."

எதனால் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "எப்போலேர்ந்து?"

அங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "பெருநாள்லேர்ந்து."

விரல் விட்டு எண்ணினார். பாதியில் எண்ணுவதை நிறுத்தினார். "பெருநா அன்னிக்கி நான் எண்ணெய் பாட்டில தொடவே இல்லியே" என்றார்.

"அதான் பாய், அவங்க சொல்லல."

அழப்போகிறாரா, என்னைத் திட்டப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் வலது பக்கம் நின்றுகொண்டே அவர் ஊமையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் துடைத்தார். திரும்பவும் ஒருமுறை துடைத்தார். கிண்ணத்தையும் புட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

கதவருகில் நின்றுவிட்டேன். கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்தார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை நான் மறக்கமாட்டேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நானும் காத்திருந்தேன்.

பாய் வெறும் கையைத் தலையணை மேல் நீட்டினார். "புடி" என்றார்.

விரல்கள் ஒவ்வொன்றாக அவர் கை மேல் மூடின.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி."

அழுத்தினார். மூன்று மாசம் ரப்பர் பந்தை அமுக்கிய கை. பாயின் தோள் குலுங்கியது.

"ஏய், வலிக்குது, உடு" என்றார்.

அந்த அம்மா விடவில்லை.